ஆடுகிற ஸ்டூலும் விபத்தில்லா நாட்களும்

கொம்பையா விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்த சவரியம்மாள் முதலில் கேட்ட கேள்வி, “நம்பரை மாட்டிட்டியா?” என்பதுதான்.

தரையில் மல்லாந்து கிடந்த கொம்பையா அண்ணாந்து பார்த்தான். சுவரில் எட்டடி உயரத்தில் ஒரு பச்சை போர்டு. ‘நமது தொழிற்சாலையில் விபத்தில்லா நாட்கள்’ என்று கொட்டை எழுத்து. அதன் கீழே மூன்று ஆணிகள், மூன்று தகரத் தகடுகள். மூன்று, ஆறு, இரண்டு. இரண்டு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“மாட்டிட்டேன்க்கா.”

“அப்பாடா. சரி, எழுந்திரு. யாரும் பாக்கல.”

ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்கிற தொழிற்சாலை அது. துப்புரவு வேலை பார்க்கும் சவரியம்மாளுக்கு தினமும் காலையில் முதல் வேலை, போர்டில் நம்பரை மாற்றுவது. அவர் உயரத்துக்கு ஸ்டூல் மேல் ஏறினாலும் போர்டு எட்டாது. அதனால் முதல் பஸ்ஸில் வருகிறவர்களில் யார் நெட்டையோ அவர்களைப் பிடித்துக்கொள்வார். மண்ணூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்தான் முதலில் வரும். அந்த பஸ்ஸில் கொம்பையாதான் நெட்டை. இரண்டு வாரமாக அவன்தான் மாட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்டூலுக்கு நாலு கால். மூன்று ஒழுங்கானவை. நாலாவது கொஞ்சம் குட்டை என்பதால் அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். இன்றைக்கு அந்த அட்டை நகர்ந்துவிட்டது.

“புது ஸ்டூல் ஒண்ணு கேக்கக் கூடாதாக்கா?” என்று வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டே கேட்டான்.

“கேட்டா பாரம் குடுப்பாங்க தம்பி. எதுக்கு வேணும்னு காரணம் எழுதணும். இன்னான்னு எழுதுவே? வுழுந்துட்டேன்னா? எழுதினா அந்த நம்பர் சைபர்ல வந்து நிக்கும்.”

சைபர் என்றதும் கொம்பையா கால்வலியை மறந்து மறுபடி போர்டைப் பார்த்தான். பார்க்காமல் என்ன செய்வான்? ஆறு வருடமாக அவன் காண்ட்ராக்ட். போர்டு முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் மூன்றாம் லைனில் ஆறு காண்ட்ராக்ட் ஆட்களுக்கு பெர்மனெண்ட் ஆர்டர் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. பட்டியலில் நாலாவது பெயர் அவனுடையது. புளியங்குடியில், அவனுக்குப் பேசியிருக்கும் இசக்கிசெல்வியின் அப்பாவோ, “பெர்மனெண்ட் பேப்பரை என் கண்ணுல காட்டட்டும், மறுநாளே பூ வச்சிருவோம்” என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. ஆக, அந்த மூன்று தகரத் தகடுகளோடு சேர்ந்து அவன் கல்யாணமும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுந்து ஓர் அடி வைத்தான். கணுக்காலுக்குள் யாரோ கிள்ளியது போலிருந்தது.

“நடக்க முடிது பாரு. ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டு சவரியம்மாள் ஸ்டூலின் காலுக்கு அட்டையை மறுபடி செருகினார்.

ஏழு மணிக்கு ஷிஃப்ட் ஆட்கள் எல்லாரும் போர்டுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். சேஃப்டி ஆபீசர் அருள்நாதன் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. நூறு அடி தூரத்தில் அவிழ்ந்திருக்கும் ஷூ லேஸ் அவர் கண்ணில் பட்டுவிடும். அவர் தலை தெரிந்தால் மேனேஜர்களே மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாக இறங்குவார்கள்.

“உறுதிமொழி!”

எல்லாரும் இடது கையை உயர்த்தினார்கள். இந்தக் கம்பெனியில் அப்படித்தான். மற்ற இடங்களில் வலது கையை உயர்த்துவார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் தெரியாமல் வலது கையைத் தூக்கினால் அருள்நாதன் ஒரு முறை முறைப்பார். “இதயம் எந்தப் பக்கம் இருக்கு? பாதுகாப்பு இதயத்துலேர்ந்து வரணும்,” என்பார். இடது கையால் சத்தியம் செய்தால் விளங்குமா என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள், நம்பர் நூறைத் தாண்டியதும் வாயை மூடிக்கொண்டார்கள். முந்நூறைத் தாண்டியதும் அது ராசியான கை ஆகிவிட்டது.

“இன்னும் மூணு நாள்,” என்றார் அருள்நாதன். “மறுபடி சொல்றேன். அடிபட்டு முதலுதவி ரூமோட முடிஞ்சா பச்சை. ஆஸ்பத்திரி போய் வந்தா மஞ்சள். மறுநாள் வேலைக்கு வர முடியலைன்னா சிவப்பு. சிவப்பு வந்தா போர்டு சைபர்.”

இதைத்தான் அவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். கொம்பையாதான் தினமும் நின்றபடியே அரைத்தூக்கத்தில் இருந்தான். இன்றைக்குத்தான் வலி தூங்கவிடவில்லை. அப்போதும் பாதிதான் காதில் விழுந்தது. தன் கால் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று அவனுக்கு விளங்கவில்லை. குனிந்து ஷூவைப் பார்த்தான். கறுப்பாக இருந்தது.

லைனில் பக்கத்து இடத்தில் வேலை செய்கிறவன் மாரிராஜ். மண்ணூரில் ஒரே அறையில் இருப்பவன். பட்டியலில் ஐந்தாவது பெயர். கொம்பையா அவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான்.

மாரிராஜ் முகம் வெளிறியது. “லேய், சிஸ்டர்ட்ட போயித் தொலைச்சிராத. பாத்த உடனே ஸ்கேன் எடுன்னு எழுதுவாவ. ஸ்கேன் எடுத்தா மூணு வாரம் ரெஸ்ட்டுன்னு எழுதுவாவ. சிவப்பு! ஒனக்கு மட்டுமா, எனக்கும் சேத்துச் சிவப்பு!”

“அப்ப என்னலே செய்ய?”

“லேஸை இறுக்கிக் கட்டு. வலி வெளிய வராது.”

இறுக்கிக் கட்டினான். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தான். மாரிராஜ் சொன்னது உண்மைதான், வலி வெளியே வரவில்லை. சாயங்காலம் அறைக்குப் போனதும் ஷூவும் வெளியே வரவில்லை. கொம்பையா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கிடக்க, மாரிராஜ் சுவரில் காலை உதைத்துக்கொண்டு ஷூவை இழுக்க, இருவருமாகச் சேர்ந்து அதைப் பிடுங்கியபோது உள்ளேயிருந்து வந்தது காலா, இட்லிப்பானையிலிருந்து எடுத்ததா என்று சந்தேகமாக இருந்தது.

“சுளுக்குதாம்லே,” என்றான் மாரிராஜ் தைரியமாக. “நல்லெண்ணெயைச் சுடவச்சு மேலருந்து கீழ உருவினா ஓடிப்போயிரும். எங்க ஊர்ல எத்தனை பேருக்கு உருவியிருக்கேன்!”

“எல்லாருக்கும் சரியாப் போச்சா?”

“அது தெரியாது. நான் ஊரை விட்டு வந்துட்டேம்லா.”

அரைமணி நேரம் உருவினான். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் வந்து யாரை அடிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் போர்டில் 363. அதை மாட்டியவர் பென்னலூர் பஸ்ஸில் வந்த வேறு ஒரு நெட்டை மனிதர். கொம்பையா சவரியம்மாளின் கண்ணில் படாமல் ஒளிந்து வந்திருந்தான்.

வீங்கிய கால் அவன் ஷூவுக்குள் நுழையவில்லை. மாரிராஜ் போடுவது இரண்டு அளவு பெரிய ஷூ. ஆகவே கொம்பையாவின் வலது காலுக்கு மாரிராஜின் வலது ஷூ. மாரிராஜின் வலது காலுக்கு கொம்பையாவின் வலது ஷூ. வழி நல்ல வழிதான். ஆனால் விரல்களைச் சுருட்டி அந்தச் சின்ன ஷூவுக்குள் அடைத்ததில் மாரிராஜும் நொண்ட ஆரம்பித்தான். நேற்றுவரை மூன்றாம் லைனில் நொண்டியவர் ஒருவர். இன்றைக்கு இருவர்.

இதை முதலில் கவனித்தவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஃபிரடி. குன்றத்தூர்க்காரன்.

“இன்னா ப்ரோ, ரெண்டு பேரும் ஒரே மாதிரி நடக்கறீங்க? எங்கனா ஒண்ணா வுழுந்தீங்களா?”

“யாரு விழுந்தா? யாரும் விழல,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஃபிரடி சிரித்தான். “சுளுக்குனா சொல்லு ப்ரோ. நான் காலால பொறந்தவன். எங்கம்மாவைக் கேளு, தல அப்புறம்தான் வந்துச்சாம். எங்க தெருவுல எவனுக்கு சுளுக்குனாலும் எங்கிட்டதான் வருவான். மூணு ஒத. பட்டுனு போயிடும்.”

கொம்பையா யோசித்தான். கால் முதலில் பிறந்தவன் உதைத்தால் சுளுக்கு போகும் என்று அவன் ஊரிலும் சொல்வார்கள். ஊர் மாறியும் வைத்தியம் மாறவில்லை என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. வலியில் இருக்கிறவனுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும்.

டீ இடைவேளையில் இரும்புக் கழிவுத் தொட்டிக்குப் பின்னால் மூவரும் கூடினார்கள். கொம்பையா சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை நீட்டினான். ஃபிரடி கண்ணை மூடி சிலுவை போட்டுக்கொண்டு, மூன்றடி பின்வாங்கி ஓடிவந்தான். அவன் போட்டிருந்தது முன்பக்கம் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ என்பது அப்போதுதான் கொம்பையாவின் நினைவுக்கு வந்தது. பயத்தில் வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். உதை இடது முழங்காலில் விழுந்தது.

“பட்டுனு போச்சா?” என்று கண்ணைத் திறந்து கேட்டான் ஃபிரடி.

“போச்சு,” என்றான் கொம்பையா. எது போச்சு என்று அவன் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. ஒரு கால் வலித்தால் மனிதன் நொண்டுவான். இரண்டு காலும் வலித்தால் எந்தப் பக்கம் சாய்வது? கொம்பையா நிமிர்ந்து, நேராக, ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்து, கண்ணாடித் தரையில் நடக்கிறவனைப் போல நடந்தான். படி இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நடைபாதையின் மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே, அவசரமே இல்லாமல், கேண்டீன்வரை போனான்.

“நில்!”

அருள்நாதன்.

“இங்க எல்லாரும் வாங்க!” என்று கூட்டினார் அவர். முப்பது பேர் கூடிவிட்டார்கள். “இந்தப் பையன் நடக்கறதைப் பாருங்க. ஓட்டம் இல்லை, தாவல் இல்லை, மொபைல் இல்லை. கைப்பிடியை எப்படிப் பிடிக்கிறான் பாருங்க! பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு நடையை நான் பாத்ததே இல்லை. பேர் என்னப்பா?”

“கொம்பையா சார்.”

“வெள்ளிக்கிழமை கஸ்டமர் கம்பெனிலேர்ந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. அவங்க முன்னாடி முந்நூத்தி அறுபத்தஞ்சை மாட்டப் போறது நீதான். ஸ்டூல்ல எப்படி ஏறணும், எப்படி இறங்கணும்னு நீயே செஞ்சு காட்டணும். சரியா?”

முப்பது பேரும் கை தட்டினார்கள். மாரிராஜ் தட்டவில்லை. அவன் கால் விரல்களை விடுவிப்பதற்காக ஒரு தூணுக்குப் பின்னால் போயிருந்தான்.

மறுநாள் 364. காலையில் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்த கொம்பையா அலறிவிட்டான். கணுக்காலுக்குக் கீழே பச்சை, அதற்கு மேலே மஞ்சள், நடுவில் சிவப்பு. அருள்நாதன் சொன்ன மூன்று நிறமும் ஒரே காலில் இருந்தன. எதைக் கணக்கில் எடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

இனி முடியாது. மதிய இடைவேளையில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, முதலுதவி அறைக்குள் நுழைந்தான். நர்ஸ் பெனிஷா ரிஜிஸ்டரைத் திறந்தார்.

“எழுதாதீங்க சிஸ்டர்! எனக்கில்ல. என் ஃப்ரெண்டுக்கு.”

“ஃப்ரெண்டு நம்ம கம்பெனியா?”

“இல்ல சிஸ்டர். வேற கம்பெனி.”

பெனிஷா பேனாவை மூடினார். “சொல்லுங்கண்ணா.”

“கணுக்கால் மடங்கிருச்சு. அது பச்சையா, சிவப்பா?”

“மூணு வகை இருக்கு. ஜவ்வு இழுபட்டிருந்தா ஒண்ணு. வலிக்கும், லேசா வீங்கும், ஆனா நடக்கலாம். பாதி கிழிஞ்சிருந்தா ரெண்டு. நல்லா வீங்கி, நிறம் மாறி, கால் ஊனவே கஷ்டமா இருக்கும். முழுசா அறுந்துட்டா மூணு. அப்ப கால் நிக்கவே நிக்காது. எலும்புல அடி இருக்கான்னு படம் எடுத்துதான் பாக்கணும். விழுந்த அன்னிக்கு உங்க ஃப்ரெண்டுக்கு எப்படி இருந்துச்சு?”

“நடந்தாரு.”

“அப்ப ஒண்ணுதான். உடனே வந்திருந்தா துணியில சுத்தி ஐஸ் வச்சு, பேண்டேஜ் கட்டி, காலைத் தூக்கி வச்சு உக்காரச் சொல்லியிருப்பேன். சூப்பர்வைசர்கிட்ட சொல்லி ரெண்டு நாள் உக்காந்து செய்யற வேலை குடுத்திருப்பாங்க. பச்சை. போர்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.”

கொம்பையா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“அதுக்கு அப்புறம் என்ன செஞ்சாரு?” என்று கேட்டார் பெனிஷா.

“எட்டு மணி நேரம் நின்னாரு.”

“ஐயோ.”

“ராத்திரி எண்ணெய் போட்டு உருவினாங்க.”

“உருவினாங்களா! சூடு பண்ணியா?”

“நல்லா சூடு பண்ணி.”

“வீங்கின எடத்துல சூடு வச்சு உருவினா உள்ள ரத்தம் கட்டாம என்ன ஆகும்? அப்புறம் உதைக்கச் சொன்னீங்களா? இங்க பாதி பேர் அதைத்தான் செய்யறாங்க.”

“உதைச்சாங்க. ஆனா அது வேற கால்.”

பெனிஷா அவனைப் பார்த்தார். பிறகு அவன் காலைப் பார்த்தார். ஒன்று எட்டாம் நம்பர் ஷூ, ஒன்று பத்தாம் நம்பர். அலமாரியைத் திறந்து ஒரு பேண்டேஜ் சுருளை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதை உங்க ஃப்ரெண்டுகிட்ட குடுங்க. ஒண்ணுல இருந்ததை நல்லா வேலை செஞ்சு ரெண்டுக்குக் கொண்டு வந்துட்டீங்க. மூணு வாரமாவது ஆகும். இன்னொரு தடவை ஏறி இறங்கி மடங்கிச்சுன்னா மூணுதான். படம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க, தள்ளிப்போட வேணாம்.”

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஸ்டூல்ல ஏறலாமா சிஸ்டர்? அவரு?”

“மூணு ஆயிட்டா தாங்கிப் பிடிச்சு நடத்த வீட்டுல ஆள் வேணும். அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“அதுக்குத்தான் ஏறுதாரு,” என்றான் கொம்பையா.

சாயங்காலம் இசக்கிசெல்வி போன் செய்தாள். “சனிக்கெழம வந்துருவியள்லா? எங்கப்பா பூக்காரங்ககிட்ட சொல்லிட்டாவ.”

“வந்துருவேன்.”

“குரலே சரியில்லயே. என்னத்தையோ மறைக்கிய.”

கொம்பையா பேண்டேஜ் கட்டிய காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தான். “ஏ, ஒண்ணு கேக்கேன். ஒருத்தன் ஒரு உண்மையை மறைச்சு பெர்மனெண்ட் ஆயிட்டாம்னா, அது தப்பா?”

“யாரு அந்த ஒருத்தன்?”

“ஃப்ரெண்டு.”

“அந்த ஃப்ரெண்டைக் கட்டிக்கிடப் போறவ பாவம்,” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

அவனுக்கு அழுகையாக வந்தது. அருள்நாதன் சார் முகம் கண் முன்னால் வந்து நின்றது. முந்நூற்று அறுபத்து நாலு நாள் ஒரு மனிதர் தொண்டை வறள நாணயமாகக் கட்டிய கோட்டைக்குள், தான் ஒருவன் மட்டும் கள்ளனாகப் புகுந்து உட்கார்ந்திருப்பதாகப் பட்டது. நாளைக்கு அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். கல்யாணம் போனால் போகட்டும். மாரிராஜிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு காலும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை. போர்டுக்கு மாலை போட்டிருந்தார்கள். கஸ்டமர் கம்பெனியிலிருந்து நாலு பேர் கோட்டுப் போட்டு வந்திருந்தார்கள். உறுதிமொழி எடுக்கும்போது நாலு பேரும் வலது கையைத் தூக்கினார்கள், சுற்றிலும் பார்த்தார்கள், சத்தமில்லாமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டார்கள். இதயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அருள்நாதன் அவர்களுக்கும் விளக்கினார். அவர்கள் அதை போனில் குறித்துக்கொண்டார்கள்.

“இப்போது நமது பாதுகாப்பு வீரர் கொம்பையா!”

கை தட்டல். சவரியம்மாள் ஐந்தாம் நம்பர் தகட்டை அவன் கையில் கொடுத்தார். அதே ஸ்டூல். அருள்நாதன் பக்கத்தில் வந்து இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

“சார்,” என்றான் கொம்பையா மெல்லிய குரலில். “இந்த ஸ்டூல் ஆடும்.”

“தெரியும். பின்னாடி எடது கால்,” என்றார் அவர் உதட்டை அசைக்காமல். “நான் அழுத்திக்கிறேன். ஏறு.”

பின்னால் இடது கால் என்று இவருக்கு எப்படித் தெரியும்? அதை யோசிக்க நேரமில்லை. இடது காலை ஊன்றி ஏறினான். முழங்கால் கத்தியது. வலது காலை மேலே இழுத்தான். கணுக்கால் கத்தியது. இரண்டும் சேர்ந்து கத்தியதில் எதைக் கேட்பது என்று தெரியாமல் அவன் நிமிர்ந்து நின்றுவிட்டான். போட்டோக்காரர் இரண்டு போட்டோ எடுத்தார்.

அங்கிருந்து குனிந்தான். அருள்நாதனின் காதுக்குக் கேட்கும்படி மட்டும் சொன்னான். “சார், என்னை மன்னிச்சிருங்க. செவ்வாக்கிழமை நான் இதுலருந்து விழுந்துட்டேன். யார்ட்டயும் சொல்லல. கால்ல ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. எனக்கு பெர்மனெண்ட் வேண்டாம் சார்.”

அருள்நாதனின் முகத்தில் விருந்தாளிகளுக்காக வைத்திருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. நெற்றியில் மட்டும் வியர்வை துளிர்த்தது.

“மாட்டிட்டியா?” என்றார்.

“சார், நான் சொன்னது...”

“காதுல விழுந்துது. மொதல்ல நம்பரை மாட்டு.”

மாட்டினான். முந்நூற்று அறுபத்தைந்து. ஆலையே அதிரும்படி கை தட்டினார்கள். அருள்நாதன் தோளைக் கொடுத்து அவனைப் பூப்போலக் கீழே இறக்கினார். அதையும் ஒரு பாதுகாப்பு முறை என்று நினைத்து விருந்தாளிகள் இன்னொரு முறை கை தட்டினார்கள். ஆறு பேருக்கும் உறை கொடுத்தார்கள். மாரிராஜ் தன் உறையை வாங்கிக்கொண்டு, நேராகச் சுவர் ஓரம் போய் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான்.

கூட்டம் கலைந்ததும் கொம்பையா அருள்நாதனிடம் உறையை நீட்டினான். “சார், இது பொய் சொல்லி வாங்கினது. திருப்பி எடுத்துக்கிடுங்க.”

அருள்நாதன் முன்னும் பின்னும் பார்த்தார். “நீ என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. நான் ஒண்ணும் கேக்கலை. நாளையிலேர்ந்து மூணு வாரம் கல்யாண லீவுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. நேரா எலும்பு டாக்டர்கிட்ட போ. எவனையாவது வச்சு உருவினேன்னு தெரிஞ்சா தொலைச்சிடுவேன். புரியுதா?” என்றவர், குரலை இன்னும் தாழ்த்தி, “சரியாப் பாக்காம விட்டா, கடைசி வரைக்கும் சரியாவாது கொம்பையா,” என்று சொல்லிவிட்டு விருந்தாளிகளைப் பார்க்க வேகமாகப் போனார்.

கொம்பையாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. அவிழ்ந்த லேஸுக்கு மெமோ கொடுக்கிற மனிதர், கிழிந்த ஜவ்வுக்குக் கல்யாண லீவு கொடுக்கிறாரே! உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். கண்ணில் நீர் நின்றது.

சவரியம்மாள் துடைப்பத்தோடு வந்து, கீழே உதிர்ந்திருந்த மாலைப் பூவைக் கூட்ட ஆரம்பித்தார்.

“யக்கா, அவரு மனுசன் இல்லக்கா, தெய்வம்,” என்றான் கொம்பையா. “ஒரு வருசமா நேர்மையா நடத்துன போர்டு. அதுல நான் ஒருத்தன்தான் பொய். அவரு நெனச்சா இன்னிக்கே சைபர் ஆக்கியிருக்கலாம். எனக்காக எப்படி மனசு வந்துச்சு அவருக்கு?”

சவரியம்மாள் கூட்டுவதை நிறுத்திவிட்டு, தூரத்தில் விருந்தாளிகளை வழியனுப்ப ஹெல்மெட்டை இடது கையால் தடவித் தடவித் தலையில் மாட்டிக்கொண்டிருந்த அருள்நாதனைப் பார்த்துச் சிரித்தார்.

“போர்டு வந்த மொத நாளு, அத்த மாட்டறதுக்கு இதே ஸ்டூல் மேல ஏறுனது அவருதான் தம்பி... பின்ன, ஊரு ஒலகமே சோத்தாங்கையைத் தூக்கி உறுதிமொழி எடுக்கசொல்லோ, நாம மட்டும் இன்னாத்துக்கு பீச்சாங்கையைத் தூக்கறோம்னு நெனச்சே?”